ஆளுநரின் ரத்த வகை

நெறிமுறைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. பயத்தைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன். அதில் எனக்கு இருபத்தோரு வருட அனுபவம் உண்டு.

ஆளுநர் வருகிறார் என்று தகவல் வந்ததும் பயம் வர வேண்டும். வரவில்லை என்றால் இன்றைக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை என்று எவ்வளவோ பிரிவுகள் இருக்கின்றன. அங்கே தவறு செய்தால் மேல்முறையீடு உண்டு, திருத்தம் உண்டு. இங்கே வாகன வரிசை கிளம்பிவிட்டால் எதையும் திருத்த நேரம் கிடையாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் ஆளுநராக மட்டும் இருந்த ஆளுநர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஏற்கெனவே பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள். பழைய நாற்காலியின் பழக்கமும் கூடவே வரும். முன்பு ராணுவத் தளபதியாக இருந்த ஒருவர் காரை விட்டு இறங்கியதும் எதிரே இருந்த மொட்டை மாடியைத்தான் பார்த்தார். பூங்கொத்தை நீட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்க்கவே இல்லை. அமைச்சராக இருந்தவர்களுக்குக் கூட்டத்தைக் கண்டால் மனு வாங்கக் கை தானாக நீளும். நீதிபதியாக இருந்த ஒருவர், விழா இரண்டு நிமிடம் பிந்திப்போனதற்காக என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். சொன்னேன். "இது காரணம் இல்ல, சாக்கு" என்றார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் அப்போதைய கண்காணிப்பாளர். அவர் பெயர் இங்கே வேண்டாம். இறந்துபோனவரைச் சபையில் இழுப்பது நன்றாக இருக்காது. பொல்லாத கோபக்காரர். "ஏலே, புதுசா எதையும் யோசிச்சுத் தொலைக்காத. போன தடவ என்ன செஞ்சோம்னு கோப்பைப் பாரு. கோப்பு நம்மளக் காட்டிக் குடுக்காது" என்பார். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்தில் ஒன்று எழுதியிருந்தால் எனக்கு அதில் சந்தேகமே வராது. நான் சொல்லப் போகும் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஓர் ஆளுநர் திண்டுக்கல் வந்தார். நம் மாநில ஆளுநர் அல்ல, வெளிமாநிலத்தில் இருந்தவர். சொந்த ஊர் பக்கத்து மாநிலத்தில் எல்லை ஓரம் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். காலையில் செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி விழா, அங்கிருந்து பழனி தரிசனம், சாயங்காலம் திண்டுக்கல் சுற்றுலா மாளிகையில் ஓய்வு. நம் ஊருக்கு அவர் வருவது அது மூன்றாவது முறை. முதல் முறை அவருடைய மாநிலத்தின் சட்டப்பேரவைத் தலைவராக வந்தார். இரண்டாவது முறை மத்திய அமைச்சர். இப்போது ஆளுநர். ஆள் ஒருவர், பதவி மூன்று, நம் அலமாரியில் கோப்பும் மூன்று.

பெரியவர்கள் வந்தால் வாகன வரிசையில் ஓர் ஆம்புலன்ஸ் போகும். அதில் அவர்களுக்குப் பொருந்தும் ரத்தம் இரண்டு பை பனிப்பெட்டிக்குள் போகும். அவர் அலுவலகத்திலிருந்து வந்த பயணக் குறிப்பில் எல்லா விவரமும் இருந்தது. ரத்த வகை என்ற கட்டம் மட்டும் காலி. நியாயமாக நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "போன தடவ வந்தப்பவே குடுத்தோமே, இதுகூட வச்சுக்க மாட்டீங்களா" என்று அந்தப் பக்கம் யாராவது ஏறிவிடுவார்களோ என்று பயம். அவர் மத்திய அமைச்சராக வந்தபோது போட்ட கோப்பை எடுத்தேன். கண்காணிப்பாளரின் அச்சுக் கையெழுத்தில் ஓ நெகட்டிவ் என்று இருந்தது. ரத்த வங்கிக்குப் போகும் கடிதத்தில் அதை அப்படியே பார்த்து எழுதினேன். கீழே "சரிபார்க்கப்பட்டது" என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஓ நெகட்டிவ் எளிதில் கிடைக்கிற ரத்தம் அல்ல. அந்த வகைக்காரர்களுக்கு வேறு எதையும் ஏற்றவும் முடியாது. அன்று அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் இருந்ததே இரண்டு பைதான். என் கடிதத்தைப் பார்த்து இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

கல்லூரியில் பத்தரை மணிக்கு விழா தொடங்கியது. ஆளுநர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். நான் பந்தலுக்குப் பின்னால், ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்று ஒரு வாய் காபி குடித்தேன். வண்டியோடு வந்த டாக்டர் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட இருக்காது. கையில் போனோடு வேகமாக வந்தார்.

"ஏனுங்க சார், கொஞ்சம் இப்படி வாங்க. ஜி.எச்.ல இருந்து போனுங்க. பிரசவமான பொண்ணு ஒண்ணு, ரத்தப்போக்கு நிக்கலீங்க. ஓ நெகட்டிவ். நம்ம பொட்டியில இருக்கறது ரெண்டுந்தான் அங்க இருந்ததுங்களாம். மதுரைக்குச் சொல்லியிருக்காங்க, வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகுமுங்க."

"அதுக்கு?" என்றேன்.

நான் அதைக் கேட்ட தோரணையை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

"குடுத்து அனுப்பிரலாங்களா? பொட்டிய இறக்கோணும்னா உங்க கையெழுத்து வேணுமுங்க."

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "யோவ், என்னய்யா கேக்குற? அவர் பழனி போயிட்டு வந்து எறங்குற வரைக்கும் அந்தப் பொட்டி வண்டிய விட்டு நகரக் கூடாது. மலையில ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ எனக்குப் போன் போடல, நான் எடுக்கவும் இல்ல. வைய்யி." வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் சத்தம். ஒரு போலீஸ்காரர் ஓர் ஆளைச் சட்டையோடு பிடித்து நிறுத்தியிருந்தார். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பெயர் சாதிக், திண்டுக்கல் பேகம்பூர்காரர், தோல் மண்டியில் வேலை. மருத்துவமனையில் படுத்திருப்பது அவருடைய தங்கை. ரத்தம் ஆளுநர் வண்டியோடு போய்விட்டது என்று யாரோ சொல்ல, பைக்கை எடுத்துக்கொண்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் விரட்டி வந்திருக்கிறார். என் சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்ததும் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

"சார், டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டு சார். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு, புள்ளைக்கு ஒண்ணுமில்ல. தங்கச்சிக்குத்தான் நிக்கவே மாட்டேங்குது. ஒரு பை குடுங்க சார், போதும். நான் எங்கயாச்சும் அலைஞ்சு திருப்பிக் கொண்டாந்து வச்சுர்றேன்."

நான் சீட்டை வாங்கவில்லை. "மதுரையில இருந்து வண்டி வந்துருச்சு தம்பி. இந்நேரம் ஏத்தியிருப்பாங்க. நீ கெளம்பு" என்றேன்.

பொய். பச்சைப் பொய். அந்த ஆளை அங்கிருந்து அனுப்பிவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

"வந்துருச்சா சார்?"

"வந்துருச்சு."

அவர் போகவில்லை. "அப்ப ஏத்தியாச்சுன்னு போன் வரட்டும் சார். செத்த நேரம் இங்கனயே இருக்கேன்" என்று கம்பி ஓரமாகத் தரையில் குந்திக்கொண்டார். ஹெல்மெட்டை அப்போதுதான் கழற்றினார்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாக வேறொன்று கேட்டார்.

"சார், ஆளுநருக்கு ஓ நெகட்டிவ்தானுங்களா? டெஸ்ட் பண்ணுன பேப்பர் எதையாச்சும் பாத்தீங்களா?"

"கோப்புல இருக்கும்மா."

"கோப்புல எழுதுனவர் பாத்தாருங்களா?"

கண்காணிப்பாளர் எதைப் பார்த்து எழுதினார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் காலிக் கட்டமும், நான் போட்ட "சரிபார்க்கப்பட்டது" என்ற வார்த்தையும் கண் முன்னால் வந்து நின்றன. இப்போது விசாரித்து, வகை தவறு என்று தெரிந்தால், நான் பொய்யாகச் சான்று கொடுத்தவன் ஆகிறேன். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது. மகள் கல்யாணம் முடியவில்லை. சரிதான் என்று தெரிந்தாலோ, பெட்டியைக் கொடுக்க முடியாது, அந்தப் பெண் செத்துப்போவாள். கேட்காமல் இருந்தால் எனக்கு எதுவுமே தெரியாது. கேட்காமல் இருப்பதுதான் சௌகரியமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் நான் கேட்காமல்தான் நின்றேன்.

டாக்டரின் போன் மறுபடி அடித்தது. கேட்டுவிட்டு, "பிரஷர் எறங்குதுங்களாம்" என்றார்.

அதே நேரம் கம்பிப் பக்கம் சாதிக்கின் போனும் அடித்தது. அவர் எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எடுத்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. அடித்து அடித்து நின்றுபோனது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மேடைக்குப் போகும் வழியில் ஆளுநரின் ஏ.டி.சி. நின்றார். சீருடையில் கூடவே வருகிற அதிகாரி. அவர் வழியாக அல்லாமல் ஆளுநரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடப் போகாது. ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றேன். "இன்னும் இருபது நிமிடம், நிகழ்ச்சி முடிந்த பிறகு" என்றார். ஆளுநரின் ரத்த வகை அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் பணிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனை எடுத்தார். எண்ணைத் தேடுவதற்காக அவர் தலையைக் குனிந்தார். நான் மேடை ஏறிவிட்டேன்.

ஆறு படிகள். பாதுகாப்பில் இருந்தவர்கள் என்னைச் சுட்டிருந்தாலும் தவறு சொல்ல முடியாது. காலையிலிருந்து முகம் தெரிந்தவன் என்பதால் விட்டார்கள் என்று நினைக்கிறேன். மைக்கில் கல்லூரித் தாளாளர் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தார். ஆளுநர் வகித்த பதவிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார், ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். நான் ஆளுநரின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தேன்.

"ஐயா, மன்னிக்கணும். ஐயாவோட ரத்த வகை என்னங்கய்யா?"

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்பது போல் பார்த்தார். ஆனாலும் பதில் சொன்னார். "பி பாசிட்டிவ். எதுக்கு?"

"எங்க கோப்புல ஓ நெகட்டிவ்னு இருக்குங்கய்யா."

அவர் முகம் மாறியது. மைக்கில், மத்திய அமைச்சராக இருந்தபோது அவர் செய்த சாதனைகளைச் சொன்னார்கள். மறுபடி கைதட்டினார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அது என் வீட்டம்மாவோட வகை."

நான் விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். "குடுத்து அனுப்பாம இங்க வந்து என்ன நிக்கிறீங்க, போங்க" என்றார். அடிக்குரலில் அதட்டினார்.

வாகன வரிசையின் முன்னால் போகிற போலீஸ் வண்டியில் பனிப்பெட்டியை ஏற்றினோம். சாதிக் பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். சைரன் திண்டுக்கல் சாலையில் தேய்ந்து மறைகிற வரைக்கும் நான் நின்றேன். சாதிக்கிடம் சொன்ன பொய்க்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

பி பாசிட்டிவ் வேறு வண்டியில் பின்னால் வந்து ஒட்டன்சத்திரத்தில்தான் எங்களைப் பிடித்தது. அதுவரைக்கும் ஆம்புலன்ஸில் ரத்தமே இல்லாமல் ஆளுநரை அழைத்துப் போனோம். எதிரே லாரி வந்தபோதெல்லாம் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். பழனி அடிவாரத்தில் டாக்டர் என்னைத் தேடி வந்து, "பொழைச்சுக்கிச்சுங்க சார். ரெண்டு பையும் ஏறிடுச்சு, மதுரைப் பையும் வந்துருச்சுங்க" என்றார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சுற்றுலா மாளிகைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார் ஆளுநர். பழைய கோப்புகளைக் கொண்டு வரச் சொன்னார். மூன்றையும் கொண்டு போனேன். முதல் கோப்பை அவரே புரட்டினார். பேரவைத் தலைவராக வந்தபோது அவர் கைப்பட எழுதிய ஒரு தாள் அதில் இருந்தது. மனைவிக்கு அறுவைச் சிகிச்சை இருக்கிறது, அதற்கு முன் பழனிக்கு வேண்டுதல், அவளுக்கு ஓ நெகட்டிவ், தயவுசெய்து ஏற்பாடு செய்யவும் என்று எழுதியிருந்தார். அடுத்த முறை அவர் அமைச்சராக வந்தபோது எங்கள் கண்காணிப்பாளர் அந்தத் தாளின் மேலே இருந்த அவர் பெயரையும் கீழே இருந்த ரத்த வகையையும் மட்டும் எடுத்து எழுதியிருக்கிறார். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை.

"அமைச்சரா வந்தப்ப அவ போயி ஒரு வருசம்" என்றார் ஆளுநர். "தனியாத்தான் வந்தேன்னு நெனச்சேன். அன்னைக்கும் பின்னாடி வண்டியில வந்திருக்கா. இன்னைக்கும் வந்திருக்கா."

அந்தத் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டார். கோப்பிலிருந்து தாளை எடுக்கக் கூடாது என்பது விதி. இத்தனை பதவியில் இருந்தவருக்கு அது தெரியாதா? அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிழித்துக் கொடுத்திருப்பேன். கோப்பை மூடி என்னிடம் தந்துவிட்டு, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மூன்றாவது வாரம் எனக்குக் குறிப்பாணை வந்தது. அனுமதி இல்லாமல் மேடை ஏறியது, நிகழ்ச்சி நிரலுக்கு இடையூறு செய்தது. இரண்டு குற்றம்தான். பார்க்காமலே "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதினேனே, அது அதில் இல்லை. அது ஒருவர் கண்ணிலும் தவறாகப் படவில்லை, நாம் எல்லோரும் செய்கிற வேலைதானே. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், கண்டித்து விட்டுவிட்டார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்த ஆளையே கேளுங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேளுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு சாதிக் என் வீட்டுக்கே வந்து அழைத்தார். தட்ட முடியாமல் போனேன். பேகம்பூரில் குறுகலான தெரு, வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. அவள் அம்மா குழந்தையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்துவிட்டு, "அல்லா உங்க கையில குடுத்து அனுப்புனான் தம்பி. நீங்க இல்லாட்டி எம்புள்ள மண்ணுக்குள்ள போயிருப்பா" என்று அழுதார்.

நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு பையும் அவள் படுத்திருந்த வார்டுக்குக் கீழேயே இருந்திருக்கும். கேட்ட ஐந்தாவது நிமிடம் ஏறியிருக்கும். அவளை மண்ணுக்குள் அனுப்பப் பார்த்தவனே நான்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சாதிக் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடுங்க சார், ஆறிடும்" என்று இலையில் இன்னும் இரண்டு துண்டுக் கறியை வைத்தார். குனிந்து சாப்பிட்டேன்.

இன்றுவரை சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன். பெருநாளுக்குப் பெருநாள் அவர்கள் வீட்டிலிருந்து எனக்குக் கறி வருகிறது, வாங்கிக்கொள்கிறேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கடைவீதியில் என்னைக் கண்டால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு ரத்தம் குடுத்த தாத்தா" என்று கூட இருக்கும் பிள்ளைகளிடம் சொல்வாள். இருபத்தோரு வருடத்தில் எந்த ஆளுநருக்கு முன்னாலும் நான் அப்படிப் பயந்ததில்லை.